மில்லுக்குப் பிறகு: கோவையில் வேலையிழப்பு யாருக்கு வாய்ப்பானது?

நெடுங்காலம் பார்த்த வேலை பறிபோவதை ஒரு புதிய தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்னும் அறிவுரை இன்று மேலாண்மை நூல்களிலும் பயிலரங்குகளிலும் தாராளமாக வழங்கப்படுகிறது. அந்த அறிவுரை எவ்வளவு தூரம் உண்மை, யாருடைய வாழ்க்கையில் உண்மை என்று சோதித்துப் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. கம்போடியா மில், பங்கஜா மில், ராதாகிருஷ்ணா மில் என்று சாலைகளுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் பஞ்சாலைகளின் பெயரே நிலைத்துவிட்ட இந்நகரில், அந்த ஆலைகளில் பல இன்று நூல் நூற்பதில்லை. ஆனாலும் ஊர் நொடித்துப் போகவில்லை. மோட்டார், பம்ப்செட், கிரைண்டர், வார்ப்படம், இயந்திர உதிரிபாகம் என்று வேறு தொழில்களில் அது வளர்ந்தது. மில் மூடியதால் தொழிலாளர் முதலாளிகளாயினர், முதலாளிகளானதால் ஊர் செழித்தது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும் வழக்கம் கொங்கு நாட்டில் உண்டு. அந்தக் கூற்றில் உண்மை இருக்கிறது. ஆனால் அது சொல்லப்படும் அளவுக்கு இல்லை.

கோவையின் முதல் பஞ்சாலை ராபர்ட் ஸ்டேன்ஸின் முயற்சியால் 1888இல் எழுந்தது. அடுத்த அரை நூற்றாண்டில், குறிப்பாக நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து 1930களின் தொடக்கத்தில் மலிவான மின்சாரம் சமவெளிக்கு வந்தபின், உள்ளூர் நிலவுடைமைக் குடும்பங்களும் வணிகக் குடும்பங்களும் அடுத்தடுத்து ஆலைகளை நிறுவின. அவற்றில் கிடைத்த வேலை எளிதில் கிடைத்ததன்று. பெரும்பாலோர் முதலில் பதிலியாக, அதாவது அன்றைக்கு வராத நிரந்தரத் தொழிலாளிக்கு மாற்றாக ஆலை வாசலில் காத்திருந்து உள்ளே போகும் ஆளாகச் சேர்ந்து, ஆண்டுகள் கழித்தே நிரந்தரமாயினர். நிரந்தரமான பின் கிடைத்தவை விலைவாசிக்கேற்ப ஏறும் பஞ்சப்படி, தீபாவளி போனஸ், வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. மருத்துவம் ஆகியன. என்.ஜி. ராமசாமி போன்ற தலைவர்கள் வளர்த்த தொழிற்சங்கமும், 1946இல் சின்னியம்பாளையத் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டதை இன்றும் நினைவுகூரும் போராட்ட மரபும் இந்த உரிமைகளுக்குப் பின்னே நின்றன. மில் வேலைக்காரன் என்றால் பெண் கொடுக்கத் தயங்காத காலம் ஒன்று கொங்குச் சிற்றூர்களில் இருந்தது என்பதிலிருந்து அந்த நிரந்தரத்தின் மதிப்பை ஊகிக்கலாம்.

இத்தகைய ஆலைகள் ஏன் நலிந்தன என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. நூற்பும் நெசவும் ஒரே கூரையின்கீழ் நடந்த ஆலைகளின் நெசவுப் பிரிவு, வரிச்சுமையும் கூலியும் குறைவாக இருந்த சோமனூர், பல்லடம் வட்டார விசைத்தறிகளோடு போட்டியிட முடியாமல் முதலில் வீழ்ந்தது; பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்காமல் இலாபத்தை வேறு தொழில்களுக்குத் திருப்பிய நிர்வாகங்களும், பருத்தி விலையின் ஏற்ற இறக்கமும், அடிக்கடி வந்த மின்வெட்டும் எஞ்சியதைச் செய்து முடித்தன. 1974இல் நடுவணரசு நலிந்த ஆலைகளை நாட்டுடைமையாக்கித் தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் ஒப்படைத்தபோது கோவை ஆலைகள் சிலவும் அதனுள் வந்தன. ஆனால் 1985ஆம் ஆண்டின் ஜவுளிக் கொள்கை, மீள வழியில்லாத ஆலையை மூடுவதே முறை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக 1986 செப்டம்பரில் வந்த ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம், நிரந்தரமாக மூடப்பட்ட ஆலையின் தொழிலாளிக்கு முதலாண்டில் ஊதியத்தின் 75 விழுக்காடும், இரண்டாம் ஆண்டில் 50 விழுக்காடும், மூன்றாம் ஆண்டில் 25 விழுக்காடும் வழங்கியது. மூன்று ஆண்டுக்குள் அவர் வேறு பிழைப்பில் காலூன்றிவிடுவார் என்பது அந்தக் குறைந்துகொண்டே வரும் கணக்கின் உட்கிடை.

இழப்பு வாய்ப்பாவதற்கு முதலில் தேவைப்படுவது கையில் ஒரு மொத்தத் தொகை. அது எங்கிருந்து வருகிறது என்பதை இவ்விடத்தில் விளக்குவது நல்லது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டு பணி முடித்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் ஊதியம் கிடைத்தது. மாதத்தை 26 வேலை நாளாகக் கொண்டு அது கணக்கிடப்பட்டது. மாதம் 26,000 ரூபாய் பெற்றவர் 30 ஆண்டு உழைத்திருந்தால் பணிக்கொடை மட்டும் 4,50,000 ரூபாய். இதனின்று வேறானது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் விதித்த ஆட்குறைப்பு இழப்பீடு. அதுவும் ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம் என்பதால் அதே தொழிலாளிக்கு ஏறத்தாழ மேலும் நான்கு இலட்சம் சேரும். விருப்ப ஓய்வுத் திட்டம், அதாவது எல்லோரும் சொல்லும் வி.ஆர்.எஸ்., இவற்றைவிடச் சற்றுத் தாராளமானது. பொதுத்துறையில் பின்பற்றப்பட்ட குஜராத் முறையின்படி முடித்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 35 நாள் ஊதியமும், ஓய்வுக்கு மீதமிருந்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 25 நாள் ஊதியமும் தரப்பட்டன. பெயரில்தான் விருப்பம், ஓய்வு வாங்காதவரை வெளியூர் ஆலைக்கு மாற்றுவது, ஆலையை ஓட்டாமல் வைத்திருப்பது ஆகியவை எந்த விண்ணப்பப் படிவத்திலும் எழுதப்படாத நிபந்தனைகள்.

செட்டில்மென்ட் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் அந்தத் தொகையோடு வெளியே வந்தவர்களில் உண்மையிலேயே முன்னேறியோர் பெரும்பாலும் ஆலையின் பராமரிப்புப் பிரிவினர். பிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் ஆகியோர் நூற்பு இயந்திரத்தை ஓட்டியவர்களல்லர், பழுது பார்த்தவர்கள். உடைந்த பாகத்தை அளந்து, அதுபோல் இன்னொன்றைக் கடைந்து பொருத்தும் திறன் அவர்களுடையது. அத்திறனை விலைக்கு வாங்க ஊரே காத்திருந்தது என்பதுதான் கோவையின் தனிச்சிறப்பு. வெளிநாட்டு இயந்திரங்களைப் பழுது பார்க்கவும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யவும் 1920களிலேயே இங்கு வார்ப்படச் சாலைகள் தோன்றின, பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகமும் டி. பாலசுந்தரம், ஜி.டி. நாயுடு போன்ற பொறியியல் மேதைகளும் 1930களில் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினர். 1962இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு இயந்திரங்களையே கோவையில் செய்யத் தொடங்கியபோது, அதற்கு உதிரிபாகம் தரும் சிறு பட்டறைகளுக்கும் இடம் பிறந்தது. ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு வட்டாரத் தெருக்களில் வீட்டின் முன்னறையில் ஒரு லேத்தைப் போட்டுக்கொண்டு தொழில் நடத்துவது இதனால் வழக்கமாயிற்று.

அத்தகைய பட்டறைகள் பெரும்பாலும் ஜாப் ஒர்க் முறையில் இயங்குகின்றன. பெரிய நிறுவனம் இரும்பையோ வார்ப்பையோ வரைபடத்தோடு அனுப்பிவைக்கும். பட்டறைக்காரர் அதைக் கடைந்து, துளையிட்டு, இழைத்துத் திருப்பியனுப்பி ஒவ்வொரு பாகத்துக்கும் கூலி பெறுவார். மூலப்பொருளுக்கு முதலீடு வேண்டாம், வாங்குபவரைத் தேடி அலைய வேண்டாம், ஒரு பழைய லேத்தும் மின் இணைப்பும் போதும் என்பதால், பணிக்கொடையை மட்டும் நம்பி வந்த ஐம்பது வயதுக்காரரும் இதில் நுழைய முடிந்தது. பழைய மில்லில் உடன் வேலை பார்த்தவர் இன்னோர் ஆலையில் மேற்பார்வையாளராக இருப்பார், அவர் வழியாக முதல் ஆர்டர் வரும்; மச்சான் முறை உள்ளவர் வங்கிக் கடனுக்குப் பிணை நிற்பார். இந்தத் தொடர்புகளைத் திறமைக்கு அப்பாற்பட்டவை என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனெனில் அவை இல்லாத இடத்தில் அதே திறமை சும்மா கிடந்ததை வேறு ஊர்கள் காட்டுகின்றன. அகமதாபாத்தில் 1980களிலும் 1990களிலும் மூடிய ஆலைகளின் தொழிலாளரைப் பின்தொடர்ந்து ஆய்ந்த டச்சு அறிஞர் யான் பிரேமன், அவர்களில் பெரும்பாலோர் தெருவோர விற்பனை, தினக்கூலி, ஆட்டோ ஓட்டுதல் என்று பாதி வருமானத்துக்கும் குறைவான வேலைகளுக்கு இறங்கியதை எழுதியிருக்கிறார். 1982இல் தொடங்கிய பெருவேலைநிறுத்தத்துக்குப் பின் மும்பை ஆலைத் தொழிலாளர் பலருக்கும் நேர்ந்தது இதுவே.

திருப்பூர் இந்தக் கதையின் இன்னொரு பக்கம். அங்கு பனியன் தொழிலாளர் 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பின், பெரிய கம்பெனிகள் தம்மைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்துக்கொண்டன. பின்னல், சாயம், வெட்டு, தையல், அயர்ன் என்று ஒவ்வொரு கட்டமும் தனித்தனி ஒப்பந்ததாரர் கைக்குப் போயிற்று. நிரந்தர வேலை சுருங்கிய அதே வேளையில், நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவர் நான்கு தையல் இயந்திரத்தோடு ஒப்பந்ததாரராகும் வாயிலும் திறந்தது. இவர்களை விரிவாக ஆய்ந்து 2004இல் நூல் வெளியிட்ட ஷரத் சாரி, திருப்பூரின் முதலாளிகளில் கணிசமானோர் விவசாயப் பின்னணி கொண்ட கவுண்டர் சமூகத்துத் தொழிலாளராகத் தொடங்கியவர்கள் என்றும், தம் உயர்வுக்குக் காரணம் உழைப்பு என்றே அவர்கள் விளக்குகிறார்கள் என்றும் காட்டினார். அவர்கள் உழைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கிணற்றுப் பாசனத் தோட்டம் ஒன்று பின்னால் இருந்ததும், கூட்டாளிகளாகச் சேரப் பங்காளிகளும் உறவினரும் இருந்ததும், கடன் கொடுத்தவர் சாதியையும் ஊரையும் பார்த்துக் கொடுத்ததும் அந்த விளக்கத்தில் விடுபட்டுப்போகின்றன. அதே கம்பெனியில் அதே பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்த நிலமற்ற தலித் தொழிலாளரில் முதலாளியானவர் மிக அரிது.

பராமரிப்புப் பிரிவுக்கு வெளியே இருந்தோர் நிலை வேறு. நூற்பு இயந்திரத்தில் அறுந்த இழையை ஒட்டுவதும் நிறைந்த கண்டுகளை மாற்றுவதும் விரல்களின் வேகத்தாலும் கண்களின் கூர்மையாலும் நடக்கும் உயர்ந்த கைத்திறன்தான்; ஆயினும் அந்த இயந்திரத்துக்கு வெளியே அதற்கு விலை இல்லை. வீட்டின் முன்னறையில் லேத்தைப் போடலாம், நூற்பு இயந்திரத்தைப் போட முடியாது. இவர்களின் செட்டில்மென்ட் தொகை மகளின் திருமணத்துக்கும் பழைய கடனுக்கும் வீட்டுக் கூரைக்கும் போயிற்று, பின்னர் காவலாளி வேலையோ மளிகைக்கடைக் கணக்கோ கிடைத்தது. இதனைப் பொறுப்பின்மை என்று குறைகூறுவோர், ஐம்பத்திரண்டு வயதில் அந்தத் தொகையைத் தொழிலில் போட்டுத் தோற்றால் மீள்வதற்கு ஆண்டுகள் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். பணத்தை வீட்டில் போட்டவர் பல வேளைகளில் கணக்குத் தெரிந்தே அப்படிச் செய்தார்.

வருமானத்துக்கு அப்பால் வேலை என்ன தந்தது என்பதைப் புரிந்துகொள்ள, ஆஸ்திரியாவில் நடந்த ஓர் ஆய்வு உதவும். அதுவும் ஒரு பஞ்சாலை ஊரைப் பற்றியது. வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியன்தால் என்னும் சிற்றூரின் ஆலை 1930ஆம் ஆண்டளவில் முழுதும் மூடியபின், மரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய மூவர் அங்கு ஆய்வு நடத்தி 1933இல் வெளியிட்டனர். நேரம் ஏராளமாகக் கிடைத்தும், இலவசமாகப் படிக்க முடிந்தும், நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்திருந்தது. சமையலும் பிள்ளைகளும் கையிலிருந்த பெண்கள் மட்டும் விரைந்து நடந்தனர். பொழுதுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே ஒரு கூட்டம், சமூகத்தில் ஓர் இடம் ஆகியவற்றை வேலை சொல்லாமலே தருகிறது என்று யகோடா பின்னாளில் இதனை வகுத்துரைத்தார். மில் சங்கொலியை வைத்துச் சமையலும் பள்ளிக்கூடமும் பேருந்தும் நடந்த கோவைப் பேட்டைகளுக்கு இந்த ஆய்வு அயலானதன்று. உடனே ஒரு பட்டறையில் நுழைந்தவருக்கு, அது இலாபம் தந்ததோ இல்லையோ, காலையில் எழுந்து போக ஓரிடம் கிடைத்தது. மற்றவர்கள் சங்க அலுவலகத் திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் வழக்கு நிலவரம் பேசிக் கழித்தார்கள்.

பெண்களின் இழப்பு இதற்கு முந்தியது, இதைவிட ஓசையின்றி நடந்தது. ஒரு காலத்தில் கோவை ஆலைகளில், குறிப்பாக நூலைச் சிட்டமாக்கும் ரீலிங் பிரிவில், பெண்கள் திரளாக இருந்தனர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அவர்களின் இரவு வேலையைத் தடுத்ததும், பேறுகாலச் சலுகையும் ஆணுக்கு நிகரான ஊதியமும் தர வேண்டிவந்ததும், ஆலை முதலாளிகள் அவர்களுக்குப் பதில் ஆண்களை எடுத்துக்கொள்ளக் காரணமாயின. 1990களின் பிற்பகுதியில் நூற்பாலைகள் மறுபடியும் பெண்களைத் தேடி வந்தபோது கேட்டது நிரந்தரத் தொழிலாளியை அன்று. தென் மாவட்டச் சிற்றூர்களிலிருந்து அழைத்துவரப்பட்டு, ஆலை விடுதியில் தங்கி, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கு ஒரு தொகை பெறும் இளம்பெண்ணை. சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி என்றும் பெயர் பெற்ற அம்முறை, கடும் கண்டனத்துக்கும் நீதிமன்ற விசாரணைக்கும் உள்ளாயிற்று. வேலை மறைந்ததாகச் சொல்லப்பட்ட அதே பத்தாண்டுகளில் தமிழ்நாடு நாட்டின் முதன்மை நூற்பு மாநிலமாகவே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெரிதும் மறைந்தது அந்த வேலையின் நிரந்தரமே என்பது விளங்கும்.

முதலாளியானவர்களுக்கும் வழி சமதளமாக இருக்கவில்லை. ஆலையில் தொழிலாளியாக இருந்தபோது நிர்வாகத்தின் தலையில் இருந்த இடர், ஜாப் ஒர்க் பட்டறையில் அவருடைய தலைக்கே வந்துவிட்டது. ஆர்டர் குறைந்தால் பஞ்சப்படி கேட்க ஆளில்லை. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பொறியியல் ஜாப் ஒர்க்குக்கு 18 விழுக்காடு விதிக்கப்பட்டு, சிறு பட்டறைக்காரர்களின் தொடர் முறையீட்டுக்குப் பின் 2019இல் 12 ஆகக் குறைந்தது. 2022 செப்டம்பரில் மின்கட்டணமும் நிலைக்கட்டணமும் உயர்ந்தபோது கோவைக் குறுந்தொழிற்கூடங்கள் கதவடைப்புப் போராட்டம் நடத்தும் நிலை வந்தது. பெயரில் முதலாளியாக இருந்தும் வருமானத்தில் பழைய மில் தொழிலாளியைவிடக் கீழே நிற்கும் பட்டறைக்காரர் பலர் உண்டு; வெற்றிக் கதைகளின் தொகுப்புகளில் அவர்கள் இடம்பெறுவதில்லை.

எனினும் இவர்கள் எல்லோரையும்விட மோசமான நிலை ஒன்று உண்டு, அது வேலை போகவும் இல்லை இருக்கவும் இல்லை என்னும் நிலை. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் எஞ்சியிருந்த ஆலைகளில் தமிழ்நாட்டில் ஏழும், அவற்றுள் கோவையில் மட்டும் ஐந்தும் இயங்கிவந்தன. 2020 மார்ச் மாதப் பொது முடக்கத்தில் நிறுத்தப்பட்ட அவை பழையபடி ஓடவேயில்லை. முறைப்படி மூடப்பட்டால் இழப்பீடு உண்டு, விருப்ப ஓய்வு அறிவிக்கப்பட்டால் தொகை உண்டு. இரண்டும் இல்லாமல் ஊதியத்தின் ஒரு பகுதியை மட்டும், அதையும் போராடிப் பெற்றுக்கொண்டு காத்திருந்த தொழிலாளிக்குப் பணிக்கொடையும் கைக்கு வராது, வேறு வேலைக்கு முழுமனதோடு போகவும் முடியாது. வேலை தெளிவாகப் போனால்தான் அடுத்ததைத் தொடங்க இயலும்.

பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த ஆலையை மூட அரசின் முன்னனுமதி வேண்டும் என்பது 1982 திருத்தத்தால் வந்த விதி. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த எண்ணை 300 ஆக உயர்த்தியதால், கோவையின் நடுத்தர ஆலைகள் பலவும் அனுமதி இல்லாமலே ஆட்குறைப்புச் செய்யவும் மூடவும் வழி ஏற்பட்டுள்ளது. அதற்கு ஈடாக அந்தத் தொகுப்பு ஒரு மறுதிறன் நிதியை உருவாக்குகிறது: ஆட்குறைப்புக்குள்ளான ஒவ்வொருவருக்காகவும் முதலாளி 15 நாள் ஊதியத்தை அதில் செலுத்த வேண்டும், அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும். ஒரு பிட்டர் தம் வாழ்நாளில் கற்ற திறனுக்கும், அதை வாங்கிக்கொள்ள ஊர் முழுக்க இருந்த பட்டறைகளுக்கும், பிணை நின்ற உறவுக்கும் பதிலாக அந்த 15 நாள் ஊதியம் எதைச் செய்ய முடியும் என்பதை, இனி மூடும் ஆலைகளில் இழை ஒட்டும் பெண்களிடமும் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் வடமாநில இளைஞர்களிடமும்தான் கேட்டறிய வேண்டியிருக்கும். அவர்களுக்குக் கொங்கு நாட்டில் தோட்டமும் இல்லை, மச்சானும் இல்லை.